கொடியடுப்பில் வெந்த சோறு

நான் கொத்தனார். பேரு மரியசெல்வம். பட்டினப்பாக்கத்துக் குப்பத்துல நான் எழுப்புன சுவரு எத்தினியோ கீது, ஒண்ணுகூட இதுவரைக்கும் சாயல. ஆனா நான் கட்டுனதுலயே சுத்தமா, அளவு தப்பாம கட்டுனது ஒரு அடுப்பு. அத நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது. மாரியக்காவப் பத்திச் சொல்லுன்னா அந்த அடுப்பத் தொடாம என்னால சொல்ல முடியாது. கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கணும், நடுவுல வாயில ஏதாவது வந்துடும்.

முழுப்பேரு முத்துமாரி. மீன் கூடைக்காரி. விடியறதுக்குள்ள கரையில நிப்பா. சங்கரா, காரப்பொடி, எது வருதோ ஏலத்துல எடுத்துக் கூடையில கொட்டிக்கினு சாந்தோம், மந்தவெளி, மயிலாப்பூருன்னு தெருத்தெருவா நடப்பா. மீன் வாங்கற வூடு எது, மூக்கப் பொத்திக்கற வூடு எதுன்னு அவளுக்கு மனப்பாடம். மூக்கப் பொத்திக்கற வூட்டு வாசல்ல மட்டும் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தியா கூவுவா. ஏன்க்கா வம்புன்னு கேட்டா, "தெருவு இன்னா அவங்க அப்பன் வூட்டுதா"ன்னுவா. அந்த மாதிரி பொம்பள.

அவ புருசன் சண்முகவேலு எண்பத்துநாலுல காசிமேட்டுக்குத் தொழிலுக்குப் போறேன்னு கெளம்புனான். போன எடத்துல வேற ஒருத்தியோட குடித்தனம் வெச்சிட்டான். இவளுக்குக் கொழந்த குட்டி இல்ல. புருசனோட அண்ணன் பாண்டுரங்கன் வூட்டுலதான் இருந்தா. பாண்டுரங்கன் வாயில்லாப் பூச்சி. அவருக்கும் சேத்து அவரு பொண்டாட்டி பாளையம்மாவுக்கு வாயி. அவங்களுக்கு ஒரே பொண்ணு.

அவன் போயி பத்து நாளு இருக்கும். மத்தியானம் எல்லாரும் சாப்புடறாங்க. மாரியக்கா ரெண்டாவது வாட்டி சோறு போட்டுக்கக் கைய நீட்டினா. பாளையம்மா சட்டியப் பாத்துக்கினே சொன்னா, "வாழாவெட்டிக்கு இன்னா ரெண்டாவது சோறு."

புருசன் வேணாம்னு வுட்டுட்டுப் போன பொம்பளைய இந்த ஊர்ல அப்படிச் சொல்லுவாங்க. அதுக்கு மேல திட்டறதுக்கு ஒரு சொல்லு இல்ல. மாரியக்கா தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்தா. அலை தடுக்கக் கொட்டியிருந்த கருங்கல்லுல சின்னதா மூணு கல்லு பொறுக்கியாந்தா. வூட்டுப் பின்பக்கம், அவ படுக்கற மூலையில வெச்சா. பக்கத்து வூட்டுல ஒரு சட்டி வாங்கி அதுல கஞ்சி காச்சுனா. அன்னியிலருந்து தனி அடுப்பு.

பதினோரு வருசம். ஒரே கூரை, ஒரே கதவு, ரெண்டு அடுப்பு. ஓரகத்திங்க ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசல. இவ கொழம்பு கொதிச்சா அவ மூஞ்சத் திருப்பிக்குவா, அவ கருவாடு சுட்டா இவ வாசலுக்குப் போயிருவா. ரேஷன் கார்டுல மட்டும் பழையபடி பாண்டுரங்கன் பேருக்குக் கீழ முத்துமாரி பேரும் இருந்துச்சு. அத மாத்தணும் மாத்தணும்னு சொல்லிக்கினே இருந்தா. கூடையத் தூக்கற பொம்பளைக்கு எங்க நேரம். ஆக, அவ தனிக் குடும்பம்னு சொல்ல இருந்த சாட்சி அந்த மூணு கல்லும், அதுக்குப் பின்னாடி சுவத்துல ஏறியிருந்த கரியுந்தான். சுவரு மார்பளவுக்கு மை பூசுன மாதிரி கருப்பா இருக்கும். அப்போ அது எனக்குக் கலீஜாத்தான் தெரிஞ்சுது.

தொண்ணூத்தஞ்சுல அடையாறுலருந்து ஒரு சங்கம் வந்துச்சு. புகையில்லாத அடுப்பு கட்டித் தர்றோம், காசு வேணாம்னாங்க. சங்கத்து மேடம் பேரு சாருலதா, மயிலாப்பூர்க்காரங்க. கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன். வெயில்ல ஸ்கூட்டர்ல வருவாங்க, மணல்ல எறங்கி நடப்பாங்க, எங்க வூட்டுல டீ குடுத்தா குடிப்பாங்க. கெட்டவங்களா இருந்தா நாலு வார்த்த திட்டிட்டு மறந்துருப்பேன். நல்லவங்க பண்றதத்தான் ஒண்ணும் பண்ண முடியல.

என்னைய கிண்டிக்கு இட்டுக்கினு போயி பத்து நாளு பழக்குனாங்க. களிமண்ணு, மணலு, உமி எல்லாம் அளவாக் கலக்கணும். முன்னாடி வெறகு வெக்கற வாயி, அதுக்கு மேல ஒரு சட்டி. உள்ளாற சந்து வழியா சூடு பின்னாடி போவும், அங்க இன்னொரு சட்டி. அந்தப் பின்னாடி அடுப்பத்தான் கொடியடுப்புன்னு சொல்றது. மிச்சப் புகை பைப்பு வழியாக் கூரைக்கு மேல போயிரும். நல்ல வேலதான். நானே பாத்து அசந்துட்டேன்.

மாரியக்கா வூட்டு மொற வந்துச்சு. "செல்வம், எனக்கும் ஒண்ணு கட்டிக் குடுறா. கண்ணு ரெண்டும் தண்ணியா ஊத்துது. மீன் செவுளப் பாத்தா சேப்பா கருப்பான்னு தெரிய மாட்டேங்குது"ன்னா. மேடத்துக்கிட்ட போயிச் சொன்னேன், அந்த வூட்டுக்கு ரெண்டு வோணும் மேடம்னு.

"ஒரு கதவுக்கு ஒரு அடுப்புதான் செல்வம். அதுலதான் ரெண்டு எடம் இருக்கே. அவா முன்னாடி வெச்சுக்கட்டும், இவா பின்னாடி வெச்சுக்கட்டும்"னு சிரிச்சுக்கினே சொன்னாங்க.

கொடியடுப்பு தனியா எரியாது. முன்னாடி நெருப்பு இருந்தாத்தான் பின்னாடி சூடு. அடுப்பே ஊதாதவங்களுக்கு அது எங்க தெரியும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாயத் தொறக்கல, தொறந்தா வேல போயிருமோன்னு. என்னையத்தான் மொதல்ல செருப்பால அடிக்கணும்.

இன்னொரு ரூல் இருந்துச்சு. புது அடுப்பு கட்டுனா பழைய அடுப்ப ஒடச்சிரணும். ஒடச்சதுக்கு பாரத்துல ஒரு கட்டம், அதுல டிக்கு போட்டு நான் கையெழுத்துப் போடணும். ஒண்ணு ஒடச்சியா ரெண்டு ஒடச்சியான்னு கேக்க எடமே இல்ல. பாளையம்மாவோட மண்ணடுப்ப ஒடச்சேன். அப்பால மாரியக்கா மூலைக்குப் போனேன். அவ மூணு கல்லையும் கொஞ்ச நேரம் பாத்துக்கினு நின்னா. "எடுறா"ன்னா. எடுத்து வெளிய போட்டேன். அத்தோட வுட்டேனா. கரி சுவரு போட்டோவுல நல்லா இருக்காதுன்னு மேடம் சொன்னாங்கன்னு, ரெண்டு கோட்டு சுண்ணாம்பும் அடிச்சேன்.

மொத வாரம் ஒரே பேஜாரு. பாளையம்மா சமைக்கறது காலையில எட்டு மணிக்கு. மாரியக்கா கூடைய எறக்கறது மத்தியானம் ஒரு மணிக்கு. அப்ப அடுப்பு ஆறிக் கெடக்கும். இவ ஒருத்தி சோத்துக்கு முன்னாடி எரிச்சா ரெண்டு பங்கு வெறகு. மூணு நாளு பழையத தின்னா. நாலாம் நாளு கரைக்குப் போறப்போ, அரிசியக் கழுவி தண்ணி ஊத்தி, தன்னோட பானையக் கொடியடுப்பு மேல வெச்சிட்டுப் போயிட்டா. யாருக்கிட்டயும் ஒண்ணும் சொல்லல.

மத்தியானம் வந்து பாத்தா சோறு வெந்து, கஞ்சி வடிச்சு, மூடி வெச்சிருக்கு. பாளையம்மா வடிச்சிருக்கா. அவளும் ஒண்ணும் சொல்லல.

இப்படியே ரெண்டு மாசம் ஓடுச்சு. அரிசி மாரியக்காது, பானை மாரியக்காது, நெருப்பு பாளையம்மாது. ஒரு நாளு மூடி மேல ஒரு கிண்ணத்துல நெத்திலிக் கொழம்பு இருந்துச்சு. மாரியக்கா அதத் தொடல. மறுநாளும் இருந்துச்சு. அன்னிக்குத் தொட்டா. அதுக்கு அடுத்த நாளு கூடையிலருந்து நல்ல வஞ்சரத் துண்டு ரெண்டு எடுத்து, விக்காம கொண்டாந்து அடுப்பு மேடையில வெச்சா. "அக்கா, இத வறுத்துரு"ன்னா. பதினோரு வருசத்துக்கு அப்பால மொத வார்த்த அது. பாளையம்மா அடுப்பப் பாத்துக்கினே, "மொளகா தூளு தீந்துபோச்சு, வாங்கியா"ன்னா. அவ்ளோதான், சமாதானம் ஆயிருச்சு. அப்ப நான் பைப்பு அடைப்பு எடுக்கப் போயிருந்தேன், கண்ணால பாத்தேன். வூட்டுக்கு வந்து எம் பொண்டாட்டிக்கிட்ட நாந்தான் ஏதோ கல்யாணம் முடிச்சு வெச்ச மாதிரி பீத்திக்கினேன்.

மேடத்துக்கும் சந்தோசம். ரெண்டு பேரையும் அந்த அடுப்பு முன்னாடி குந்தவெச்சு போட்டோ எடுத்தாங்க. பாளையம்மா ஊதறா, மாரியக்கா பானைய எறக்கறா, பின்னாடி நான் அடிச்ச சுண்ணாம்புச் சுவரு பளபளன்னு இருக்கு.

மறு வருசம் குப்பத்துல கணக்கெடுக்க வந்தாங்க. குடிசைய எடுத்துட்டுப் பக்கத்துலயே மாடி வூடு கட்டித் தரப் போறாங்க, ஒரு குடும்பத்துக்கு ஒரு வூடுன்னு சொன்னாங்க. ஒவ்வொரு வூட்டுக்குள்ளயும் எட்டிப் பாத்து அடுப்பு எத்தினின்னு எண்ணி எழுதிக்கினு போனாங்க. கார்டுல பேரு எப்படி இருந்தாலும் தனியா ஒல வெச்சா தனிக் குடும்பம், அதுதான் கணக்கு. நாங்க யாரும் அத யோசிக்கல. மாரியக்கா அன்னிக்கு மந்தவெளியில மீன் வித்துக்கினு இருந்தா.

மூணு மாசங்கழிச்சு ரேஷன் கடை சுவத்துல லிஸ்டு ஒட்டுனாங்க. மாரியக்காவுக்குப் படிக்கத் தெரியாது. என்னைய இட்டுக்கினு போனா. இருநூத்திப் பதினாலு, பாண்டுரங்கன். கீழ அவங்க பொண்டாட்டி பேரு, பொண்ணு பேரு. அதுக்குக் கீழ முத்துமாரி, அண்டி வாழ்பவர்.

"எனக்கு இன்னா நம்பருடா?"

நான் லிஸ்ட மேலருந்து கீழ மறுபடி வெரல வெச்சுத் தேடுனேன்.

"எனக்கு இன்னா நம்பரு செல்வம்?"

"உனக்குத் தனி நம்பரு இல்லக்கா. பாண்டுரங்கன் மாமா பேருல சேத்துட்டாங்க."

"சேத்துட்டாங்கன்னா?"

அண்டி வாழ்பவர்னு போட்டிருக்குன்னு படிச்சுக் காட்டுனேன். அது இன்னான்னு கேட்டா. சொன்னேன். அவ அந்தத் தாளையே பாத்துக்கினு இருந்தா. "நான் எவனையும் அண்டி ஒரு பருக்கை துன்னதில்லடா. கல்லு பொறுக்கியாந்து பொங்குனவ"ன்னா. அந்த மாடி வூடு ஒரே ரூமு. அதுல புருசன் பொண்டாட்டி, கல்யாண வயசுல ஒரு பொண்ணு. இவ எங்க படுப்பா, மாடிப்படியிலயா? ஆயுசுல அவளுக்குன்னு ஒரு கதவு வர்றதா இருந்தா அது இதுதான். அதையும் நான் கல்ல எடுத்துப் போட்டுக் கெடுத்தேன்.

நேரா அடையாறு போனேன். மேடம், அந்த வூட்டுல முன்னாடி ரெண்டு அடுப்பு இருந்துச்சு, நாந்தான் ரெண்டையும் ஒடச்சேன், ஒரு லெட்டர் குடுங்க போதும்னேன். மேடம் பைலைப் பெரட்டுனாங்க. "பழைய அடுப்பு ஒடச்சாச்சுன்னு ஒரு டிக்தான் இருக்கு. உங்க கையெழுத்துதானே இது? ரெக்கார்டுல இல்லாததை நான் எப்படி எழுதறது, சொல்லுங்கோ"ன்னாங்க. அவங்களுக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அவங்க தலைக்கு மேல சுவத்துல அந்தப் போட்டோவப் பெருசா கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாங்க. கீழ எழுதியிருந்துச்சு, ஒரே அடுப்பு, ஒரே குடும்பம்.

எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. "உங்க வூட்டுல ஓரகத்திங்க ரெண்டு பேரையும் ஒரு அடுப்புல பொங்கச் சொல்லி போட்டோ புடிங்க மேடம், அதுக்கப்பால இத மாட்டுங்க"ன்னு சொல்லிட்டேன். அவங்க மூஞ்சி சுண்டிப் போச்சு. லெட்டர் வரல. எனக்குக் குடுத்துக்கினு இருந்த வேலயும் அன்னியோட போச்சு, அது போவட்டும்.

ஆட்சேபம் இருந்தா எழுதிக் குடுங்க, ஆளு வந்து நேர்ல பாப்பாங்கன்னு லிஸ்டுலயே போட்டிருந்தாங்க. எழுதிக் குடுத்தோம். பாக்க வர்ற நாளும் சொன்னாங்க. மொதநாளு சாயந்தரம் நான் கருங்கல்லு மூணு பொறுக்கியாந்து பழைய மூலையில வெச்சேன். அப்ப பாளையம்மாதான் சொன்னா, "கல்லு மட்டும் போதாது மாரி. அந்தாளு முன்னாடி நாம சண்ட போடுவோம். பதினோரு வருசம் போட்ட சண்டதான, மறந்தா போச்சு."

மாரியக்கா சிரிச்சுட்டா. "இன்னாத்துக்குக்கா போடறது?"

"தண்ணி கொடத்துக்கு. எங் கொடத்த நீ எடுத்துட்ட."

"ரொம்பக் கத்தாதக்கா, எனக்கு சிரிப்பு வந்துரும்."

பாளையம்மாவுக்கு மனசார வந்த யோசன அது. அத நான் எங்க வோணாலும் சொல்லுவேன். பாண்டுரங்கன் ஓரமா குந்திக்கினு பீடிய இழுத்துக்கினே தலைய ஆட்டுனாரு.

மறுநாளு பதினோரு மணிக்கு வந்தவரு பேரு ராகவேந்திரன். கொடை, பைலு, வேர்த்துப் போன சட்டை. நேரா மூலைக்குப் போயி மூணு கல்லையும் பாத்தாரு. சுவத்தத் தடவிப் பாத்தாரு. வெரல்ல சுண்ணாம்புதான் ஒட்டுச்சு.

"பதினோரு வருஷமா இங்க எரிஞ்சுதுங்கறீங்க. கரி எங்கம்மா?"

"நான் வெள்ளையடிச்சிட்டேன் சார்"னேன்.

"நீங்க யாரு?"

"கொத்தனாரு சார்."

"அப்ப அடிக்காமயா இருப்பீங்க"ன்னாரு. சுத்தி நின்ன ஜனம் சிரிச்சுது. எனக்கு மூஞ்சியில சாணி எறிஞ்ச மாதிரி இருந்துச்சு.

சண்ட ஆரம்பிச்சுது. பாளையம்மா கொடத்துக்குக் கத்துனா. மாரியக்கா பதிலுக்குக் கத்துனா. அக்கம்பக்கம் எல்லாம் கூடிருச்சு. ரெண்டு பேரும் நல்லாத்தான் பண்ணாங்க. அந்த மனுசன் கொஞ்ச நேரம் பாத்துட்டு பைலை மூடுனாரு.

"அம்மா, காலையிலருந்து இது எனக்கு ஆறாவது சண்டை. லிஸ்டு ஒட்டற வரைக்கும் யாரும் சண்டை போடறதில்ல. நீங்க பேசிக்கறீங்க, ஒண்ணாத்தான் திங்கறீங்க, எனக்குத் தெரியாதா? இதுல எழுதறதுக்கு ஒண்ணுமில்ல"ன்னுட்டு கொடைய எடுத்தாரு.

அவரு வாசப்படி தாண்டல. மாரியக்கா கத்தறத நிறுத்திட்டா. அவ கதவு அவ கண்ணெதிர போய்க்கினு இருந்துச்சு. பாளையம்மா அவளப் பாத்தா, அந்தாளு முதுகப் பாத்தா. அப்பால கத்தாம, சாதாரணமா, சட்டியப் பாத்துப் பேசற மாதிரி சொன்னா.

"வாழாவெட்டிக்கு இன்னாத்துக்குத் தனி வூடு."

மாரியக்கா அப்படியே நின்னா. கையில இருந்த கொடத்தக் கீழ வெச்சா, போட்டு ஒடைக்கல, மெதுவாத்தான் வெச்சா. வெச்சிட்டுக் கடலப் பாத்து நடந்து போயிட்டா. பாளையம்மா தன் வாயத் தானே பொத்திக்கினா. அந்த வார்த்தையில திரும்பி நின்ன அந்தாளு அதையும் பாத்தாரு.

கொடையக் கீழ வெச்சாரு. பைலைத் தொறந்து நின்னுக்கினே எழுதுனாரு. அவரு தோளுக்கு மேல நான் படிச்சேன். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, தனிச் சமையல், தனிக் குடும்பம். அவரு எழுதுனப்போ அது பொய்யி இல்ல, அந்த நிமிசத்துலருந்து அதுதான் நெசம்.

லிஸ்டு மறுபடி வந்துச்சு. இருநூத்திப் பதினாலு ஏ, முத்துமாரி. குடிசையெல்லாம் இடிக்கறப்போ அந்த அடுப்ப நானே ஒடச்சேன். லேசுல ஒடையல, கடப்பாறையால ஏழெட்டு அடி அடிக்க வேண்டியிருந்துச்சு. அவ்ளோ நல்லாக் கட்டித் தொலைச்சிருந்தேன். வேற எவன் கட்டியிருந்தாலும் ஒரே வருசத்துல விரிசல் வுட்டிருக்கும், அவங்கவங்க பழைய அடுப்புக்கே போயிருப்பாங்க, எல்லாம் சரியா நடந்திருக்கும்.

தொண்ணூத்தெட்டு தை மாசம் மாடி வூட்டுக்குப் போனாங்க. பாளையம்மா கீழ, மாரியக்கா ரெண்டாவது மாடியில. வெறகு எரிக்கக் கூடாதுன்னுட்டாங்க, ஆளுக்கொரு மண்ணெண்ணெ அடுப்பு. மாரியக்கா கதவுக்குப் பச்சை பெயிண்டு அடிச்சு, அதுல நம்பர என்னைய வெச்சு எழுதச் சொன்னா. பெருசா எழுதுடான்னா. எழுதுனேன். கூடைய எடுத்துக்கினு எறங்கறப்பவும் ஏறறப்பவும் பாளையம்மா கதவுப் பக்கம் திரும்ப மாட்டா.

போன ஞாயித்துக்கெழம பாளையம்மா என்னையக் கூப்ட்டு ஒரு தூக்குச் சட்டி குடுத்தா. நெத்திலிக் கொழம்பு. "மேல குடுத்துட்டு வா"ன்னா. ஏறிப் போனேன். மாரியக்கா அப்பதான் சோறு வடிச்சிருந்தா. தூக்கத் தொறந்து பாக்கல. வாசனையிலயே தெரிஞ்சிருக்கும். என் முன்னாடி தள்ளுனா.

"எனக்காவத்தான் அவ சொன்னான்னு எனக்குத் தெரியும் செல்வம். அவ சொல்லலன்னா இந்தக் கதவே இல்ல, அதுவும் தெரியும்"னா. "தெரிஞ்சா மட்டும் எறங்குதாடா?"

அந்தப் போட்டோவ மாட்டி வெச்சவங்களையும், அடுப்ப எண்ணுனவங்களையும், கரியத் தேடுனவரையும், சுண்ணாம்பு அடிச்ச இந்தக் கைய்யையும் மனசுக்குள்ள திட்டிக்கினே தூக்கை எடுத்துக்கினு எறங்குனேன்.

கீழ பாளையம்மா படிக்கட்டுக்கு முதுகக் காட்டிக்கினு அரிசி பொறுக்கிக்கினு இருந்தா. என் காலு சத்தம் கேட்டும் திரும்பல.

"செல்வம், தூக்கு கனமா கீதா, லேசா கீதா?"

"கனமாத்தான் கீதுக்கா"ன்னேன்.